மலையேறின மிதி மெஷினு

வெலைய எப்படிக் கொறைச்சோம்னா கேக்கறீங்க? நாங்க எங்கங்க கொறைச்சோம், அதுவா கொறைஞ்சுது! சின்ன விவசாயிக்கு மெஷினு செய்யற தொழில்ல அந்த விவசாயிய மட்டும் யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க. இதுல மாட்டிக்கினவங்களுக்கு நான் சொல்லவே வேணாம்.

எமர்ஜென்சி முடிஞ்ச புதுசு. ஒடுகத்தூர்ல ஒரு பட்டறையில நான் மேஸ்திரி. கால்ல மிதிச்சா உருளை சுத்தும், கதிரை அதுமேல காட்டினா மணி உதிரும். அப்படி ஒரு மெஷினை ஜவ்வாது மலைக்குன்னே செஞ்சோம். "இந்த சாமை அறுப்புல ஒண்ணாவது விக்கணும், இல்லன்னா பழையபடி வூட்டு வாசலுக்கு இரும்பு கேட்டு, கிரில்லு செய்யப் போ"ன்னுட்டாரு மொதலாளி.

மோட்டாரு

மிதி மட்டும் போதாது, மோட்டாரும் வையுங்கன்னாரு வேலூர்லேர்ந்து வந்த ஒரு ஆபீசரு. வெச்சோம். மலையில வெள்ளையன்னு ஒரு விவசாயி. சொந்தமா மாடு கெடையாது. ஊரு மாடெல்லாம் அவங்கவங்க கதிரை மிதிச்சி முடிச்சாத்தான் இவரு களத்துக்கு வரும். அதுக்குள்ள மழை புடிச்சி சாமை மொளைச்சிடும். "எங்க ஊர்ல கரண்டே இல்லீங்களே"ன்னாரு. ஆபீசரு அசரல.

"மெஷினை மொதல்ல வாங்கிப் போடுங்க, கரண்டு தானா பின்னாடியே வரும்."

சக்கரம்

மோட்டாரைக் கழட்டினேன், வெல எறங்குச்சி. தள்ளிக்கினே போலாம்னு மொதலாளி ஆசையா வெச்ச சக்கரம் மட்டும் இருந்துது. ரோடு முடிஞ்சப்புறம் ஒத்தையடிப் பாதை, பூரா பாறை. நாலு பேரு மூங்கில்ல கட்டித் தூக்கினாங்க. "பாத்துப்பா, சக்கரம் அடிபடப் போவுது"ன்னு கத்திக்கினே பின்னாடி வந்தாரு மொதலாளி. முன்னாடி தோள் குடுத்த வெள்ளையன் திரும்பாமயே சொன்னாரு:

"சக்கரம் சொகமாத்தான் வருது மொதலாளி, நீங்க பாத்து வாங்க."

களம்

சக்கரத்தையும் கழட்டியாச்சி. அவங்க களத்துல யாரும் செருப்புக் கால வைக்க மாட்டாங்க. தானியம் கெடக்கற எடம், சாமி எடம் மாதிரி. எங்க மிதியோ, வழுக்கக் கூடாதுன்னு பல்லு பல்லா வெட்டின இரும்பு. பட்டறையில பூட்ஸ் காலால மிதிச்சிப் பாத்து செஞ்சது. மொதலாளி பூட்ஸைக் கழட்டி வெச்சிட்டு மிதிச்சாரு. ரெண்டே மிதி, அப்புறம் ஒரே குதி. வெள்ளையன் சம்சாரம் முந்தானையால வாயை மூடிக்கினு கேட்டாங்க:

"ஏன் மேஸ்திரி, கதிரை உருளையில காட்டணுமா, மிதியில காட்டணுமா?"

கூட்டு

இரும்பு மிதிய எடுத்துட்டு அங்கயே ஒரு பலகைய அடிச்சேன். சாமை கொட்டுச்சி, வெலயும் இன்னும் எறங்குச்சி. அப்பவும் ஒருத்தரா வாங்க முடியாது. வானம் வேற இருட்டிக்கினு வருது. மாடு இல்லாத வூட்டுக்காரங்க எல்லாம் ஒக்காந்து பேசி, புளி வித்த காசைப் போட்டு ஒரே ஒரு மெஷினை வாங்கினாங்க. மழைக்கு முன்னாடி வெள்ளையன் சாமை வூடு சேந்துது. நானும் கேட்டு, கிரில்லு செய்யற வேலையிலேர்ந்து தப்பிச்சேன். மொதலாளிக்குத்தான் மூஞ்சி தொங்கிப் போச்சி. "ஊருக்கு ஒண்ணுன்னா நான் எப்படிப்பா பொழைக்கறது?"ன்னாரு. வெள்ளையன் நெசமாவே புரியாம கேட்டாரு:

"எங்களுக்கோசரம் செஞ்சதுன்னு இல்ல சொன்னீங்க?"

ஆக, ஏழைக்குக் கட்டுபடியாவற மெஷினு செய்யறது ரொம்ப சுளுவுங்க, நம்ம மூளையில உதிச்சதையெல்லாம் அதுலேர்ந்து கழட்டிட்டாப் போதும்.

தோ, பட்டறையில கூப்புடறாங்க. வர்றேங்க.