முட்டையிட ஓர் இடம்

தம்பி கப்பல் வேலைக்குப் போனபோது என்னிடம் விட்டுப்போனது ஒரு பச்சோந்தி. நம் ஊர் வேலியில் திரிகிற வகை இல்லை. அதைப் பிடித்து வீட்டில் வைத்தால் வனத்துறை பிடித்துக்கொண்டு போய்விடும். இது ஏமன் நாட்டு வகை. தலையில் கூம்பு மாதிரி ஒரு கொண்டை. கொளத்தூரில் மீன்தொட்டிக் கடைகளுக்கு நடுவே இருந்த ஒரு கடையில் வாங்கி வந்தான். ஆணா பெண்ணா என்று கேட்டதற்குக் கடைக்காரர், "வளரட்டும், தானா தெரியும்" என்றாராம்.

நாங்கள் கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயில் பாதைக்குப் பக்கத்தில் முதல் மாடியில் இருக்கிறோம். நானும் அப்பாவும்தான். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுவருடமே பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சரியாக வராமல் போயின. நான் ராயபுரத்தில் ஒரு சுங்க ஏஜென்ட் அலுவலகத்தில் கணினி முன் உட்காருகிறவள். காலையில் அப்பாவைக் குளிப்பாட்டிச் சோறு எடுத்துவைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் நேராக வீடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கு அவரைப் படியிறக்க இரண்டு பேர் வேண்டும், ஆகவே பூசையும் நின்றுவிட்டது. இதற்கு நடுவே இன்னொரு உயிர் எதற்கு என்று தம்பியிடம் சண்டை போட்டேன். "ஆறு மாசம்தான்க்கா, வந்து எட்துக்கினு பூட்றேன்" என்றான். ஒப்பந்தம் முடிந்ததும் அங்கேயே இன்னொரு கப்பலில் ஏறிவிட்டான்.

அவன் அதைப் பழைய மீன்தொட்டியில் வைத்திருந்தான். ஜன்னலோரம் வெயில் படுகிறதே, போதும் என்று நானும் இருந்தேன். கொஞ்ச நாளில் அதன் முன்னங்கால்கள் வளைந்தாற்போல் தெரிந்தன. கிளையைப் பிடிக்கும்போது நடுங்கின. விசாரித்து விசாரித்து, இந்த மாதிரி உயிர்களைப் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவைக் கண்டுபிடித்தேன். அவர் அதைக் கையில் ஏற்றிக்கொண்டு பின்னங்காலின் குதிகாலைத் தடவிப் பார்த்தார். ஆணாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு முள் துருத்திக்கொண்டிருக்குமாம்.

"பொண்ணுங்க இது. காலு வளைஞ்சிருக்கறது கால்சியம் பத்தாம. ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயில்ல வெளிச்சம்தான் வரும், இதுக்கு வேண்டியது வராது. புற ஊதா விளக்கு வேணும். பூச்சியை கால்சியம் தூள்ல புரட்டிக் குடுங்க. கண்ணாடித் தொட்டி வேண்டாம், காத்து போற மாதிரி வலைக்கூண்டு."

எல்லாம் செய்தேன். கால் நேராகவில்லை, ஆனால் மேலும் வளையவில்லை. இலையில் தெளித்த தண்ணீரை அது சொட்டுச் சொட்டாக நக்கும். அப்பா கட்டிலிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பாவம், பசிக்கும் என்று அவர் சொல்லும்போதெல்லாம் பூச்சி போட்டேன். அதுவும் தின்றுகொண்டே இருந்தது.

அந்த வருடம் மார்கழிக்கு முன்னால் பெய்த மழையில் தெரு மூழ்கியது. எங்களுக்கு அது புதிதில்லை. கால்வாய் நிரம்பினால் கீழ்வீட்டுக்குள் தண்ணீர் வரும், மறுநாள் வடியும். இந்த முறை வடியவில்லை. கீழ்வீட்டு அக்கா, அவள் வீட்டுக்காரர், காலேஜில் படிக்கும் அவர்கள் மகள், மூவரும் கேஸ் சிலிண்டரையும் துணிமூட்டையையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார்கள். ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு குளியலறை. ஐந்து பேர். மின்சாரம் போயிற்று. தெருவில் நின்ற தண்ணீர் கறுப்பாக இருந்தது. கால்வாயில் கலந்த ஆலை எண்ணெயின் நாற்றம் தலையைச் சுற்றியது. ஜன்னலைத் திறந்தால் நாற்றம், மூடினால் புழுக்கம்.

பச்சோந்தி அந்த மழைக்கு முன்பே ஒரு மாதிரியாக இருந்தது. வயிறு இரண்டு பக்கமும் பொம்மிக்கொண்டது. பச்சைத் தோல் கறுத்து, நீலமும் மஞ்சளுமாகப் புள்ளிகள் வந்தன. எப்போதும் கூண்டின் உச்சியிலேயே இருப்பது தரைக்கு இறங்கி, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடந்தது. வலையை நகத்தால் பிறாண்டியது. நாள் முழுக்க அந்தச் சத்தம்.

"வெளிய போவணும்னு கீதும்மா அதுக்கு" என்றார் அப்பா. "நமக்கே கீது, அதுக்கு இருக்காதா?"

கீழ்வீட்டு அக்காவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "கண்ணு பாரு, ஒண்ணு என்னிய பாக்குது, ஒண்ணு உன்னிய பாக்குது. தெறந்துவுட்றாத தாயி, பேஜாரா பூடும்."

மின்சாரம் போன மறுநாள் அது நடப்பதை நிறுத்தியது. அடியில் கிடந்த குச்சியில் பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டு படுத்துக்கிடந்தது. தண்ணீர் தெளித்தபோதும் வாயைத் திறக்கவில்லை. பகலில் கண்ணை மூடினால் பச்சோந்திக்கு உடம்பு ரொம்ப மோசம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். கீழ்வீட்டுப் பெண்ணின் போனில் கொஞ்சம் சார்ஜ் மிச்சமிருந்தது. மொட்டைமாடியில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று டாக்டரம்மாவுக்குப் பேசினேன்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர், "முட்டை நிறைஞ்சிருக்கு. இடறதுக்கு இடம் இல்ல, அதான் அலைஞ்சிருக்கு" என்றார்.

"டாக்டர், கூட ஆணே கிடையாதே?"

"ஆண் வேண்டாம்மா. கோழி மாதிரிதான். வயசு வந்தா முட்டை வரும், குஞ்சுதான் வராது. நிறைய தீனி போட்டா, நிறைய சூடு குடுத்தா, முட்டையும் நிறைய வரும். இது மண்ணைத் தோண்டி உள்ள போய்த்தான் இடும். மண்ணு கெடைக்கலைன்னா அடக்கி வெச்சுக்கும். அடக்கினா உள்ளேயே தங்கிடும், உயிருக்கு ஆபத்து. இங்க கொண்டுவந்தா ஊசி போட்டுப் பாக்கலாம்."

"டாக்டர், தெருவுல இடுப்பளவு தண்ணி."

அவர் நிதானமாகச் சொன்னார். ஆழமான வாளி, ஈரமான மணல். விரலை விட்டுக் குழி தோண்டினால் இடிந்து விழாத அளவுக்கு ஈரம், தண்ணீர் தேங்கக் கூடாது. கூண்டுக்குள் கதகதப்பு வேண்டும். "முக்கியமா ஒண்ணு. யாரும் அதைப் பாக்கக் கூடாது. யாராவது பாக்கறாங்கன்னு தெரிஞ்சா தோண்டறதை நிறுத்திடும். அப்புறம் தொடங்காது."

அவர் இதைச் சொல்லி முடிக்கும்போது போன் அணைந்துவிட்டது.

மணல் எங்கே கிடைக்கும்? ஊரே தண்ணீருக்கு அடியில். அப்போதுதான் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டிக்கு அடியில், தளம் ஒழுகுகிறது என்று பூசியபோது மிஞ்சிய மணல் சிமெண்டுச் சாக்கில் கிடந்தது கண்ணில் பட்டது. எம் சாண்ட், கல் உடைத்த மணல், கூராக இருந்தது. பட்டுப்போன ரோஜாச் செடித் தொட்டியிலிருந்த மண்ணைக் கொட்டி அதோடு கலந்தேன். கீழ்வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் பெயிண்ட் வேலைக்குப் போகிறவர். மூட்டையில் கொள்ளாத துணிகளைப் போட்டுக் கொண்டுவந்திருந்த பெரிய பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துக் கொடுத்தார். கழுவிக் கழுவி வாசனை போன பிறகு மண்ணை நிரப்பினேன். அக்கா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். "சோறாக்கற வூட்ல மண்ண கொட்டிக்கினு கீற" என்றாள். ஆனால் அடுப்பில் வெந்நீர் வைத்துப் பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றிக் கொடுத்தவளும் அவள்தான். வாளியைக் கூண்டுக்குள் இறக்கி, பாட்டிலைக் கூண்டோடு ஒட்டிவைத்தோம்.

பிரச்சினை மண் இல்லை, நாங்கள்தான். ஐந்து பேர் இருக்கிற கூடத்தில் யாரும் பார்க்காத இடம் எங்கே? குளியலறைக்கு எப்போதும் யாராவது போய்க்கொண்டிருந்தார்கள். மொட்டைமாடியில் குளிர்காற்று. கடைசியில் கூண்டைச் சுற்றிக் கயிறு கட்டி அம்மாவின் இரண்டு புடவைகளைத் தொங்கவிட்டேன். அம்மா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன, அந்தப் புடவைகளை நான் கட்டியதில்லை, யாருக்கும் கொடுத்ததும் இல்லை.

கதகதப்பு ஏறியதும் பச்சோந்தி கண்ணைத் திறந்து வாளிக்குள் இறங்கியது. மண்ணைக் கீறும் சத்தம் கேட்டது. கூடத்தில் யாரோ தும்மினார்கள். சத்தம் நின்றது. வெகுநேரம் கழித்து மறுபடி கீறியது. ரேடியோவில் செய்தி கேட்க அக்காவின் வீட்டுக்காரர் எழுந்தார். நின்றது. நான் எல்லாரையும் பார்த்து உதட்டில் விரல் வைத்தேன். வளர்ந்த மனிதர்கள் ஒரு ஓணானுக்காக மூச்சடக்கி உட்கார்ந்திருந்தோம். எனக்கு அழுகையும் சிரிப்பும் வந்தன. இந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார எனக்கும் ஒரு இடம் இல்லை. மனம் விட்டு அழ வேண்டுமென்றால் குழாயைத் திறந்துவிட்டு அழ வேண்டும். புடவைக்குப் பின்னால் அது நின்று நின்று தோண்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கதவைத் திறந்தாலும் போக வழியில்லாத அந்தத் தெரு முழுவதும் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மதியம் காசிமேட்டுப் பையன்கள் ஃபைபர் படகில் வந்தார்கள். எல்லா வீட்டு வாசலிலும் குரல் கொடுத்து ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் புடவைக்குப் பின்னால் கீறல் நிற்காமல் தொடர்ந்து கேட்டது. நான் ஓரத்தைத் துளி விலக்கி எட்டிப் பார்த்தேன். வால் நுனி மட்டும் வெளியே இருந்தது, உடம்பெல்லாம் குழிக்குள்.

கீழ்வீட்டுக்காரர்கள் மூட்டையைத் தூக்கினார்கள். படகிலிருந்தவன் படிக்கட்டு வரைக்கும் வந்து, "இன்னாக்கா நிக்கிறீங்க, ஏறுங்க, பெரியவர நாங்க தூக்கிக்கிறோம்" என்றான்.

"நான் வரல தம்பி. இப்ப நகர முடியாது."

"ஏன், யாருக்கு இன்னா?"

கீழ்வீட்டு அக்கா முந்திக்கொண்டாள். "ஓணான் முட்ட போடுதாம்ப்பா. அதுக்கோசரம் தண்ணில சாவறேன்றா."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். "ஆமையும் அப்டித்தான்க்கா, போடச் சொல்லோ தொட்டா ஆவாது" என்றான். பிறகு அப்பாவைப் பார்த்தான். "நைனா, நீங்களாச்சும் வாங்க."

அப்பாவைத் தனியாக அனுப்பவும் முடியாது, அவரைப் பிடித்து இங்கே வைக்கவும் எனக்கு உரிமையில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றேன்.

"நான் வர்ல நைனா" என்றார் அவர். "எம் பொண்ணு கூட இருந்துக்கறேன். தண்ணி பாட்லு இருந்தா போட்டுட்டு போ."

தண்ணீர்க் கேனும் ரொட்டியும் கொடுத்துவிட்டுப் படகு போயிற்று. அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். வீடு சட்டென்று அமைதியானது. நான் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, "என்னால நீங்களும் மாட்டிக்கினீங்க" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், கூண்டுக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல. "உன்னால இல்லம்மா. மூட்ட மாரி என்னிய தூக்கிக்கினு படில எறக்குவானுங்க. தெரு மொத்தம் பாக்கும். எத்தினி கண்டெய்னர தூக்கி வெச்ச கை இது. நான் போவாததுக்கு ஓணான சாக்கா வெச்சிக்கினேன், அவ்ளோதான்."

பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் தன் உடம்பைப் பற்றி என்னிடம் பேசியது அதுவே முதல் தடவை. நான் குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். அது கோபம் என்று நினைத்திருந்தேன். இருவரும் ரொட்டி தின்றோம். இருட்டும் முன்பு பச்சோந்தி மேலே வந்தது புடவை இடுக்கில் தெரிந்தது. வயிறு ஒட்டி, தோல் துவண்டு, முகமெல்லாம் மண். பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளித் தள்ளிக் குழியை மூடியது. மூடி முடிக்கும்வரை நாங்கள் அசையவில்லை. பிறகு இலையில் தண்ணீர் தெளித்தேன். குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது.

தண்ணீர் வடிந்து ஆட்டோ ஓடத் தொடங்கியதும் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். உள்ளே இரண்டு முட்டை தங்கியிருந்தன. கால்சியம் கொடுத்து, ஊசி போட்டு, அன்றைக்கு அங்கேயே வைத்துக்கொண்டார். இரண்டும் வெளியே வந்தன. வீட்டு வாளியில் மண்ணைக் கிளறி மற்ற முட்டைகளை எடுத்தபோது என் இரண்டு கையும் கொள்ளவில்லை. வெள்ளையாக, புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக, மெத்தென்று. இவ்வளவையும் அந்தச் சின்ன உடம்பு தன் எலும்பிலிருந்து கரைத்துச் செய்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. இனி பூச்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள், விளக்குச் சூட்டைக் குறையுங்கள், மண் வாளி எப்போதும் கூண்டிலேயே இருக்கட்டும் என்றார். அப்படியே செய்தேன். அடுத்த முறை முட்டை பாதிகூட இல்லை. போட்ட மறுநாளே கிளை ஏறிவிட்டது.

தம்பி ஒருவழியாக விடுமுறையில் வந்தான். கூண்டைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை அவனுக்கு. "செமையா கீதுக்கா. என் தோஸ்து கிட்ட ஆணு கீது. ஒண்ணா வுட்டா குஞ்சு பொரிக்கலாம், நல்ல வெலைக்கு போவும்" என்றான்.

"ஆணு இல்லாதப்பவே அது பட்ட பாடு உனக்குத் தெரியாது. இனிமே அது எங்கயும் போவாது."

"இன்னாக்கா, என்னுது தான அது?"

நான் பதில் சொல்வதற்குள் கட்டிலிலிருந்து அப்பா பேசினார். "நீ வுட்டுட்டு பூட்ட. வூட்ல இருந்து பாத்துக்கினது யாரு? அவளாண்ட கேட்டுக்கினு பேசு."

தம்பி முகம் சுருங்கியது. அப்பாவின் கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டான். விடுமுறை முடிந்ததும் கிளம்பினான். இந்த முறை எப்போது வருவேன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு மேலே வந்தேன். அப்பாவுக்குத் தலை துவட்ட வேண்டியிருந்தது. துவட்டும்போது அவர் சுவரைப் பார்க்கவில்லை. "கொஞ்சம் மெதுவாம்மா, காது வலிக்குது" என்றார்.