வேலியில் பிரித்த கீற்று

கூட்டணி என்றாலே சந்தர்ப்பவாதம் என்று முகம் சுளிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நான் அதன் சோற்றைத் தின்றவள்.

எழுபதுகளில், ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு கீற்று வேலி இருந்தது. அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் ஒரே மில்லில் வேலை பார்த்தார்கள். கட்சி வேறு என்பதால் பேச்சு வார்த்தை கிடையாது. சட்டசபைத் தேர்தலில் இரண்டு கட்சிகளும் கூட்டணி சேர, எங்கள் தொகுதி மாமாவின் கட்சிக்குப் போனது. அப்பா கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு திரிந்துவிட்டு வேலையில் இறங்கினார். போஸ்டர் ஒட்ட அம்மா எங்கள் அடுப்பில் மைதா பசை காய்ச்சினாள். கொதிக்கிற அண்டாவைத் தெருவைச் சுற்றி, போஸ்டர் கட்டுகள் இருந்த மாமா வீட்டுக்குத் தூக்கிப்போக முடியாமல், அப்பாவும் மாமாவும் வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கீற்றைப் பிரித்தார்கள்.

கூட்டணி ஜெயித்தது. கொஞ்ச காலத்திலேயே உடைந்து ஆட்சியும் கவிழ்ந்தது. அப்பா புதுக் கீற்றோடு வேலியை அடைக்க வந்தார்.

"ஆட்சி கவுந்தா உங்க கட்சி ஆபீஸைப் போயி அடைங்க. இது எங்க வழி" என்று அம்மா குறுக்கே நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் மாமாவின் மனைவி, அத்தையும் நின்றிருந்தாள்.

பிறகு மில் மூடிக் கிடந்த மாதங்களில், பெரிய மார்க்கெட்டில் மீன் விற்ற அத்தை, விற்காத மீனைக் குழம்பாக்கி அந்த வழியாகத்தான் கொண்டுவந்தாள். எங்கள் வயிறு வாடவில்லை.

அடுத்த தேர்தலில் இரண்டு கட்சிகளும் எதிரும் புதிருமாக நின்றன. இரண்டுக்கும் பசை எங்கள் அண்டாவில்தான் கொதித்தது.