எண்ணெய் தடவிய மாம்பழமும் டெல்லிக் குழுவும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன் நான். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஓசூரில் ஓடுகிற இயந்திரங்களில் பாதியிலாவது என் பட்டறையில் கடைந்த உருப்படி ஒன்று இருக்கும். சந்தேகப்படுகிறவர்கள் கழற்றிப் பார்த்துக்கொள்ளலாம். ஒற்றை லேத்தோடு ஜூஜுவாடியில் தொடங்கிய பட்டறை இன்று நெடுஞ்சாலையில் போகிற பஸ்ஸிலிருந்தே தெரியும். ஆகவே, ரோபோ கை ஒன்றுக்கு விரல் செய்ய ஆள் தேடிக் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் என்னிடம் வந்ததில் எனக்கு வியப்பில்லை. வேறு எங்கே போவார்?

கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளில் பழம் பொறுக்கும் பெண்களுக்குச் சீசன் முடிவதற்குள் மாம்பால் பட்டுக் கையெல்லாம் வெந்துவிடும். அந்த வேலைக்குத்தான் இந்தக் கை. பழத்தை நசுக்காமல் மெல்லப் பிடித்துத் தூக்க வேண்டும். செலவுக்கு அரசாங்கத்தின் ஆராய்ச்சிப் பணம். முதல் வருஷ வேலையை டெல்லிக் குழு வந்து பார்த்துத் திருப்திப்பட்டால்தான் அடுத்த வருஷத்துக்குப் பணம் வரும். வராவிட்டால் கையைத் துணி போட்டு மூடிவிட்டு, தன்னோடு உழைக்கும் இரண்டு பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். கை என் பட்டறையில் இருந்ததால் குழுவும் அங்கேயே வந்தது.

டெல்லிக்காரர்கள் என் இடத்துக்கு வரும்போது நான் சும்மா இருப்பேனா? சோதனைக்கென்று பேராசிரியை மண்டியில் வாங்கி வைத்திருந்த பழங்கள் பால் வடிந்து, தூசி படிந்து கிடந்தன. விருந்தாளிக்குக் காட்டுகிற சரக்கா அது? அதைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போடச் சொல்லிவிட்டு, என் தோட்டத்துப் பெங்களூரா ரக மாம்பழங்களைக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் தேங்காய் எண்ணெய் தடவிக் கண்ணாடி மாதிரி மின்ன வைத்தேன்.

என் மனைவி பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்கவா வராங்க? பழத்துக்குத் தல சீவி உட்டுக்கினு இருக்கீங்க" என்றாள்.

பேராசிரியை குழுவை அழைத்துவரப் பெங்களூர் விமான நிலையத்துக்குப் போயிருந்ததால் இது எதுவும் அவருக்குத் தெரியாது. வந்ததும் கையை இயக்கினார். அது முதல் பழத்தைப் பிடித்தது, பழம் வழுக்கியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது உருண்டுபோய்க் குழுத் தலைவரின் ஷூவில் முட்டி நின்றது. பேராசிரியை குனிந்தார். பழத்தைத் தொட்டார், விரலை முகர்ந்தார், என்னைப் பார்த்தார்.

"ஐயா, இது இன்னாங்கய்யா?"

"மரியாதைக்குத் தடவுனதும்மா" என்றேன்.

குழுவில் ஓர் அம்மாவுக்குக் கன்னடம் தெரியும். எனக்கும் அது தண்ணீர் பட்ட பாடு என்பதால் நடந்ததை அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். அதற்குள் ரோட்டோரத் தள்ளுவண்டியிலிருந்து தூசிப் பழங்கள் ஒரு கூடை வந்தது. அதைக் கை ஒன்றுவிடாமல் பூப்போல எடுத்து அடுக்கியது. என் விரல்களாயிற்றே!

ஆனால் அந்த அம்மா விடவில்லை. ஆலையில் பழம் கழுவும் தொட்டியிலிருந்து ஈரமாகத்தானே வரும், அதை இந்தக் கை எடுக்குமா என்று கேட்டார். பேராசிரியை மறைக்கவில்லை.

"எடுக்காதுங்க மேடம். அதுக்குத்தான் அடுத்த வருஷப் பணமே கேக்குறோம்."

அந்த அம்மா சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பிக் கன்னடத்தில் சொன்னார்: போகிற இடமெல்லாம் நன்றாக ஒத்திகை பார்த்ததை மட்டும்தான் காட்டுகிறார்களாம், எது முடியவில்லை என்று கண்ணால் பார்த்தது இங்கேதானாம். நான் அடக்கமாகத் தலையாட்டிக்கொண்டேன்.

மாங்காய் சீசன் முடிவதற்குள் பணம் வந்துவிட்டது. இரண்டு பெண்களும் வேலையில் இருக்கிறார்கள். என் தேங்காய் எண்ணெய் வாங்கிக் கொடுத்த பணம் என்றுதான் ஜூஜுவாடியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பேராசிரியையும் அதை மறுத்ததில்லை. இப்போது பட்டறையில் தண்ணீர்த் தொட்டி ஒன்று வைத்திருக்கிறோம்; கை ஈரப் பழத்தைப் பாதிக்குப் பாதி பிடித்துவிடுகிறது. போன வாரம் பேராசிரியையே போன் பண்ணினார்.

"ஐயா, எண்ணெ தடவுன பழம் ஒரு கூட வேணுங்க. அதையும் எடுக்குதான்னு பாத்துடலாம்."

மனைவியைக் கூப்பிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவரச் சொன்னேன்.