அண்ணன் வைத்த பென்சில் புள்ளி

என் அண்ணன் ஆயுசில் ஒரு மண்வெட்டியைத் தொட்டதில்லை. ஆனாலும் என் வீட்டைத் தோண்டியது அவன்தான் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

அவன் வீடு வீடாகப் போய்ப் புத்தகம் விற்பவன். நாட்டின் பழங்காலத்தைப் பற்றிய புத்தகங்கள். மண்ணுக்குள் போன ஊர்கள், யாராலும் படிக்க முடியாத எழுத்துகள், விடை தெரியாத மர்மங்கள் என்று மூன்று தடித்த பாகங்கள், வழவழத்தாளில், ஒரு பெட்டிக்குள். குக்கர் விற்கிறவனுக்கே கதவைத் திறக்காத காலத்தில் செத்துப்போனவர்களின் சட்டிபானையைப் படம் பார்க்க எவன் காசு கொடுப்பான் என்று நீங்கள் கேட்கலாம். கொடுத்தார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சும்மாவா? தெருவில் அவனுக்குப் புதையல் என்றே பெயர். "புதையல் வருது, கதவைச் சாத்து" என்பார்கள். சாத்துவதற்குள் அவன் உள்ளே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான்.

அவனுடைய வித்தை முதல் பாகத்தின் கடைசியில் இருக்கும் மேப். பழைய குடியிருப்புகள் எங்கெங்கே இருந்தன என்று காட்டும் மேப் அது. அதை விரித்து, நடுவில் இருக்கும் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளியில் விரலை வைத்து, "இப்ப நீங்க நிக்கிற இடம் இதுதான்" என்று மெதுவாகச் சொல்வான். அவ்வளவுதான். கேட்டவர் தன் காலடித் தரையை ஒருமுறை குனிந்து பார்ப்பார். பார்த்துவிட்டார் என்றால் புத்தகம் விற்றாயிற்று.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாடகை வீடுகளில் ஆணி அடிக்க அனுமதி கேட்டுக் கேட்டே எங்கள் பாதி ஆயுள் போயிற்று. கடைசியில் தெருக்கோடியில் ஒரு சின்ன வீடு எங்களுடையதானது. குடிபோனதும் முதல் வேலையாகச் சமையலறைச் சுவரில் நீல டைல்ஸ் பதித்தேன். அதற்கு மேலே, யாரையும் கேட்காமல், கரண்டி மாட்ட ஒரு கொக்கி அடித்தேன். அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தைச் சொன்னால் பைத்தியம் என்பீர்கள்.

ஒரு மழையில் அண்ணனின் பை நனைந்து, அவன் வீடுகளில் காட்டுகிற மாதிரிப் புத்தகங்கள் உப்பிப்போயின. கம்பெனி அவனுக்குப் புதுசு கொடுத்தது. பழையதை எடைக்குப் போடாமல் என் வீட்டுக்காரரிடம் கொடுத்தான். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை அங்கேதான் ஆரம்பித்தது. இவர் பொட்டலம் கட்டி வந்த தாளைக்கூடப் படித்துவிட்டுத்தான் தூக்கிப் போடுவார். வாய் திறந்து பேசுவது மட்டும் அபூர்வம். மூன்று பாகத்தையும் வரி விடாமல் படித்தார். அப்புறம் நாலைந்து நாள் சமையலறைத் தரையைக் காலால் தட்டித் தட்டிப் பார்த்தார். நான் கவனித்தேன், கேட்கவில்லை. சாக்கடைக் குழாய் அடைத்திருக்கிறது, லீவு போட்டுச் சரிசெய்கிறேன் என்று அவர் சொன்னபோது நல்ல புருஷன் என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

சாயங்காலம் கதவைத் திறந்தால் கூடத்தில் ஆளுயரத்துக்கு மண். சமையலறைக்கு ஓடினேன். தரையைக் காணோம். அடுப்பு மேடை மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. குழிக்குள்ளிருந்து என் வீட்டுக்காரரின் தலையும் தோளும் தெரிகின்றன. அவர் ஏறி வந்தார், கையைத் துடைத்துக்கொண்டார், உப்பிப்போன புத்தகத்தைக் கொண்டுவந்து மேப்பை விரித்தார். புள்ளி.

"இது நம்ம வீடு" என்றார். சொந்தக்காரன் பத்திரத்தைக் காட்டுகிற மாதிரி அத்தனை நம்பிக்கையாகச் சொன்னார்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். தோளில் பையோடு அப்படியே ஓடி வந்தான். குழியைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான். பை தோளிலிருந்து நழுவியதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"மாப்ளே, அந்தப் புள்ளி நான் வச்சது. ஒவ்வொரு வீட்டுப் படியேறும் முன்னாடியும் பென்சிலால ஒண்ணு வைப்பேன். வெளியே வந்ததும் அழிச்சுடுவேன். கடைசியா அடுத்த தெருவுல காட்டினேன், மழை வந்துது, அழிக்க மறந்துட்டேன்."

இத்தனை வருஷம் இவன் தொழில் செய்த லட்சணம் இதுதானா என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூடப்பிறந்தவள் நான், எனக்கே தெரியாது. ஒரு பென்சில் புள்ளியை நம்பி என் சமையலறை பாதாளத்துக்குப் போயிருக்கிறது. இரண்டு பேரையும் அந்தக் குழியிலேயே தள்ளி மூடிவிடலாமா என்று இருந்தது.

ஆனால் என் வீட்டுக்காரர் கோபப்படவில்லை. புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அப்புறம், "அப்ப கீழ இருக்கிறது என்ன மச்சான்?" என்று கேட்டு டார்ச்சை அடித்தார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். எங்களுக்கு அடுப்பு கிளம்பியது. குழியின் அடியில் செங்கல் பாவிய தரை. அதன் மூலையில், என் அடுப்புக்கு நேர் கீழே, கரி படிந்த ஓர் அடுப்பு. அதன் மேல் ஒரு பானை உட்கார்ந்திருந்தது. விளிம்பு மட்டும் கொஞ்சம் உடைந்திருந்தது. யாரோ இப்போதுதான் ஏற்றிவைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனதுபோல இருந்தது.

இஸ்திரி போட்ட சட்டையோடு அண்ணன் குழிக்குள் இறங்கினான். பானை மேல் உள்ளங்கையை வைத்தான். கையை எடுக்கவே இல்லை. அவன் தோள் குலுங்குவது மேலிருந்து தெரிந்தது.

"நெசமாவே இருக்குதும்மா" என்றான். "இத்தனை வருசமா எல்லாம் பொய்னு நெனச்சுத்தான் நான் வித்தேன்."

எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இந்த மாதிரி கிடைத்த இடத்தில் யாரையும் குடியிருக்க விடமாட்டார்கள் என்று அந்தப் புத்தகமே படம் போட்டுச் சொல்கிறது. இப்போதே மண்ணைத் தள்ளி மூடுங்கள், சிமெண்ட் பூசுங்கள், வெளியே மூச்சு விடக்கூடாது என்றேன். என் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். இரண்டு பேரும் செய்தார்கள். மறுநாள் மூடுவது என்று பேச்சு.

மறுநாள் காலையில் குழிமேல் போட்ட பலகையில் நின்று பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். வாசலில் ஜீப். தொப்பி வைத்த ஒரு தொல்லியல் துறை அதிகாரியம்மா, நாலைந்து ஆட்கள், கயிறு, கேமரா. அவர்களுக்குப் பின்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் அண்ணன்.

அடுப்பை அணைத்தேன். ஏண்ணே என்று மட்டும் கேட்டேன்.

"மூட முடியலம்மா. ஒரே ஒரு உண்மை கைக்குக் கிடைச்சிருக்கு. அதையும் நானே எப்படி மூடுறது?"

அதிகாரியம்மா நல்லவர்தான், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. குழியை எட்டிப் பார்த்ததும் அவரும் தொப்பியைக் கழற்றிவிட்டார். ஆட்கள் குழியை அகலப்படுத்தினார்கள். மத்தியானத்துக்குள் கூடத்துச் சுவரில் மேலிருந்து கீழே ஒரு விரிசல். உடனே வெளியேறுங்கள், ஒரு நிமிஷமும் இருக்கக்கூடாது என்றார்கள். கையில் அகப்பட்டதை அள்ளிக்கொண்டு ஓடினோம். ஆறிப்போன பால் பாத்திரம் அடுப்பிலேயே நின்றது. திரும்ப உள்ளே விடவில்லை. வீட்டுக்கு ஈடாக என்னவோ கொடுத்தார்கள். அதில் வேறு வீடு வாங்கலாம் என்று கற்பனை செய்ய நாங்கள் ஒன்றும் புத்தகம் எழுதுகிறவர்கள் இல்லை.

இப்போது இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஆணி அடிக்கக் கூடாது. அண்ணனோடு நான் பேச்சை நிறுத்திவிட்டேன். அவன் வாரா வாரம் வருவான், என் வீட்டுக்காரரோடு உட்கார்ந்திருப்பான், நான் எதிர்ப்பட்டால் எழுந்து நிற்பான். பென்சிலை விட்டுவிட்டானாம். "உங்க வீட்டுக்குக் கீழ என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது சார்" என்று இப்போது உண்மையைச் சொல்கிறானாம். புத்தகம் விலைபோவதில்லை. பின்னே, உண்மையைச் சொன்னால் எவன் வாங்குவான்?

போன வாரம் வந்தபோது பையை மடியிலேயே வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான். திருட்டு முழி அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே மறைக்க வராது. பையைப் பிடுங்கினேன். உள்ளே முதல் பாகம், புதுப் பதிப்பு. வழவழத்தாளில் ஒரு முழுப் பக்கப் படம். நடுவில் அந்த அடுப்பு, அதன் மேல் பானை. படத்தின் மேல் ஓரத்தில், வெட்டாமல் விட்டுவிட்ட இடத்தில், நீல டைல்ஸ். அதற்கு மேலே கொக்கி. கொக்கியில் என் கரண்டி.

கீழே அச்சடித்திருந்ததைப் படித்தேன். "அடுப்பில் ஏற்றிய பானையை அப்படியே விட்டுவிட்டு இந்த வீட்டு மக்கள் எங்கே போனார்கள்? இன்றுவரை விடை கிடைக்காத மர்மம்."

அண்ணன் எழுந்து நின்றான். அவனோடு பேசக்கூடாது என்று இருந்த நான் என்னையறியாமல் பேசினேன்.

"இதை எழுதுனவருக்குப் போன் போடுண்ணே. எங்கயும் போகல, ரெண்டாவது மாடியிலதான் இருக்காங்கன்னு சொல்லு."

அவன் என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டிப் புத்தகத்தை மூடப் போனான். நான் மூட விடவில்லை. அந்தக் கரண்டியை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டியிருந்தது.