குணவதியின் இடப்பக்கம்

மலேசியாவில் வண்டி ஓட்டுபவர் வலப்பக்கம் உட்காருவார். கூட வருபவர் இடப்பக்கம். குணவதிக்குச் செத்துப்போனது இடக்காது. ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு நாள் காலையில் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. சளி என்று நினைத்து இரண்டு வாரம் விட்டுவிட்டாள். பிறகு போய்ப் பார்த்தபோது, அடைப்பு தொடங்கிய நாலைந்து நாளிலேயே வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர்.

அவள் ஜெலுத்தோங்கில் ஒரு டயாலிசிஸ் மையத்தின் வேன் ஓட்டினாள். வயது நாற்பத்தொன்பது. நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றி வருவதும், நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் வேலை. காது விஷயம் கணவன் சண்முகத்துக்கு மட்டும் தெரியும். மற்றவர்களிடம் அவள் சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம். யாராவது இடப்பக்கத்திலிருந்து பேசினால் புன்னகைத்துத் தலையாட்டுவாள்.

முன் சீட் எப்போதும் சோமசுந்தரத்துக்கு. துறைமுகத்தில் கப்பல் அலுவலகமொன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபத்தொரு வயது. கால் மடங்காததால் பின்னால் ஏற முடியாது. இயல்பிலேயே குரல் தணிந்தவர்.

ஒரு புதன்கிழமை அவரை வீட்டுக்குக் கொண்டுபோகிற வழியில், சமிக்ஞை விளக்கில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவர் கதவில் சாய்ந்து கிடந்தார். உடம்பெல்லாம் வியர்வை. வண்டியைத் திருப்பி மையத்துக்கே விரட்டினாள். இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது என்று சொல்லி, காலை உயர்த்திப் படுக்க வைத்து மருந்து ஏற்றினார்கள். அரை மணி நேரத்தில் தெளிந்தார்.

"மூணு தடவ சொன்னேனேமா, தலை சுத்துது நிறுத்துன்னு," என்றார்.

குணவதி கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவரிடம் மட்டுமல்ல, மையத்துப் பொறுப்பாளர் லைலாவிடமும். லைலா அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. காது கிளினிக்குக்குத்தான் அனுப்பினாள்.

அங்கே செவித்திறன் நிபுணராக இருந்தவள் நஸீஹா, முப்பது வயதுக்குள் இருக்கும். சோதனையெல்லாம் முடித்துவிட்டு ஒளிக்காமல் பேசினாள்.

"அக்கா, சாதாரண காதுக் கருவி சத்தத்தப் பெருசாக்கித்தான் குடுக்கும். உங்க லெஃப்ட் காதுல அத வாங்கிக்கவே ஆளில்ல. வலது காது நல்லா இருக்கு. இடது பக்கத்து சத்தத்த வலதுக்குக் கொண்டுபோய்ச் சேக்கணும். அதுக்கு ரெண்டு விதம் இருக்கு. எது யாருக்கு ஒத்துவருதுன்னு நாங்க இப்ப ஒரு ஆய்வு செய்யறோம். சேர்ந்துக்கிறீங்களா?"

ஒரு மாதம் தலையைச் சுற்றி மாட்டும் தலைப்பட்டைக் கருவி, ஒரு மாதம் எதுவுமில்லாமல், ஒரு மாதம் இரண்டு காதிலும் மாட்டும் இரட்டைக் கருவி. தினமும் கேள்விகள் அச்சிட்ட ஒரு பாரத்தை நிரப்ப வேண்டும். முடிவில் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். குணவதி கையெழுத்துப் போட்டாள்.

முதல் நாள் அவளை வட்டமாக ஒலிபெருக்கிகள் வைத்த ஓர் அறையின் நடுவில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் இரைச்சல், இன்னொரு பக்கம் மலாயில் சின்னச் சின்ன வாக்கியங்கள். அப்பா சந்தையில் மீன் வாங்கினார், தங்கை சட்டை தைக்கிறாள் என்கிற மாதிரி. கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இடப்பக்கத்திலிருந்து வந்தவற்றில் பாதிக்கு மேல் அவளுக்குப் பிடிபடவில்லை. பரீட்சையில் தோற்ற மாதிரி முகம் சுண்டிப்போனது. இது உங்களுக்கு வைக்கிற பரீட்சையில்லை, கருவிக்கு என்று நஸீஹா தேற்றினாள்.

தலைப்பட்டை இடக்காதுக்குப் பின்னால் எலும்பை அழுத்தி, மண்டையோட்டின் வழியாகச் சத்தத்தை வலக்காதுக்கு அனுப்பியது. கேட்கத்தான் செய்தது. ஆனால் மத்தியானத்துக்குள் தலைவலி வந்துவிடும். பார்ப்பவரெல்லாம் என்ன அது என்று கேட்டார்கள். சோமசுந்தரமும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த மாதம் முழுவதும் மழையைப் பற்றியும் சாலை நெரிசலைப் பற்றியும் குரலை உயர்த்தி மரியாதையாகப் பேசிக்கொண்டு வந்தார்.

இரண்டாவது மாதம் பட்டை இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் தன் கையைத் தட்ட வேண்டும் என்று அவரிடம் சொல்லி வைத்தாள். ஓட்டும்போது ஓரக்கண்ணில் அவர் உதடு அசைவது தெரியும். மந்திரம் சொல்கிறார் போல என்று விட்டுவிட்டாள்.

மூன்றாவது மாதம் நஸீஹா மாட்டிவிட்ட கருவி விரல் நுனி அளவுதான். இடக்காதில் இருப்பது சத்தத்தைப் பிடித்துக் கம்பியில்லாமல் அனுப்பும். வலக்காதில் இருப்பது அதை வாங்கிக் கொடுக்கும். இரண்டும் கூந்தலுக்குள் மறைந்துகொண்டன.

மறுநாள் வெள்ளிக்கிழமை. திரும்பும் வழியில் வேனில் அவரும் அவளும் மட்டும். பக்கத்திலிருந்து ஒரு குரல் தெளிவாக வந்தது.

"ஊசி வலிக்கல, குணா. அது பழகிருச்சு. நாலு மணி நேரம் அந்தக் கூரையப் பாத்துக்கிட்டுக் கெடக்கிறதுதான் முடியல. இந்த மாசத்தோட வரலன்னு சொல்லிரலாம்னு இருக்கேன். கோகிலாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

கோகிலா அவருடைய மகள், கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் இருப்பவள். கேட்காத மாதிரி ஓட்டிக்கொண்டே போய்விடலாம். அது அவளுக்குப் பழகிய வித்தைதான். ஆனால் அது ஒட்டுக்கேட்பதாகிவிடும் என்று பட்டது. சாலையோரம் வண்டியை நிறுத்தினாள்.

"அங்கிள், எனக்கு இப்பக் கேக்குது," என்று கூந்தலை ஒதுக்கிக் காட்டினாள்.

அவர் அந்தச் சின்னப் பொருளை வெகு நேரம் பார்த்தார். "எத்தன நாளா?"

"நேத்துத்தான் மாட்டுனாங்க."

"அப்ப போன மாசம் சொன்னதெல்லாம்?"

"ஒரு வார்த்தகூட கேக்கல."

அவர் தலையசைத்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். திங்கள், புதன் இரண்டு நாளும் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு வந்தார். பாரத்தில் ஒரு கேள்வி: வண்டியில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கிறதா? பத்துக்குப் பத்து போட்டுவிட்டு, கீழே, "ஆனால் அவர் பேசுவதை நிறுத்திவிட்டார்" என்று எழுதினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவரே தொடங்கினார். "நான் சொன்னதுக்கு நீ ஒண்ணுமே சொல்லலியேமா."

"எனக்கு என்னா அங்கிள் தெரியும்? நான் அந்தக் கட்டில்ல படுத்ததில்ல." கொஞ்சம் யோசித்து, "ஆனா அஞ்சு வருஷம் யாருகிட்டயும் சொல்லாம தலையாட்டிக்கிட்டே இருந்தேன். அது காது கேக்காததவிட மோசம் லா. நீங்க லைலாகிட்டயாவது சொல்லுங்க. நிறுத்துறதா இருந்தாலும் சொல்லிட்டு நிறுத்துங்க," என்றாள்.

அவர் லைலாவிடம் சொன்னார். அவரைக் கேட்டுக்கொண்டு லைலா மகளுக்குத் தகவல் சொல்ல, அன்று சாயங்காலமே கோகிலா ஃபெர்ரி பிடித்து வந்தாள். டாக்டர் அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, ஒவ்வொரு தடவையும் இயந்திரம் உடம்பிலிருந்து தண்ணீர் இழுக்கும் அளவைக் குறைத்துக் கொடுத்தார். கூரை தெரிகிற கட்டிலுக்குப் பதிலாக ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. புதன்கிழமைகளில் கோகிலா கூட வந்து உட்கார்ந்தாள். மாதம் முடிந்தது, அவர் வருவதை நிறுத்தவில்லை. இப்போதைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

கடைசிச் சோதனையில் இடப்பக்கத்து வாக்கியங்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் குணவதி திருப்பிச் சொன்னாள். இரைச்சலை இடப்பக்கம் மாற்றியதும் மதிப்பெண் முன்பைவிட இறங்கிவிட்டது.

"உள்ளதச் சொல்லுங்க அக்கா. எனக்காக நல்லா இருக்குன்னு சொல்ல வேணாம்," என்றாள் நஸீஹா.

"வேன்ல இது இல்லாம இனிமே ஓட்ட மாட்டேன். பாசார்ல மீன் வாங்கப் போனா ஆகவே ஆகாது. அந்தப் பக்கத்துக் கூச்சலையெல்லாம் அள்ளி நல்ல காதுல கொட்டுது. ஹார்ன் எந்தப் பக்கம் அடிக்குதுன்னு இப்பவும் தெரியாது. கண்ணாடியத்தான் பாக்கணும்."

நஸீஹா ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாள். பாரத்தில் கேள்விக்குக் கீழே குணவதி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, இதற்கு எங்களிடம் கேள்வியே இல்லையே அக்கா என்றாள். பிறகு கேள்வி வரிசையின் கடைசியில் புதிதாக ஒன்றைச் சேர்த்தாள்: இந்தக் கருவி வந்த பிறகு உங்களோடு பேசுபவர்களிடம் ஏதாவது மாறியிருக்கிறதா?

இரட்டைக் கருவியைக் குணவதி வைத்துக்கொண்டாள். காலை ஆறரைக்கு வேனில் ஏறும்போது மாட்டிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை ஜெலுத்தோங் சந்தைக்குப் போகையில் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, சண்முகத்தைத் தன் வலப்பக்கம் வரச் சொல்லி நடப்பாள். அவன் விலை பேசுவதில் மோசம். அவள் அவனைப் பேசவிட்டு, கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி மீன் ஒன்றை எடுத்து, புதுசுதானா என்று செவுளைத் தூக்கிப் பார்ப்பாள்.