தலைமாட்டில் வைத்த கவாத்துக் கத்தி

எனக்கு வாய் நீளம். ஏற்காடு மலையில் எங்கள் மஞ்சக்குட்டையில் தங்கம்மா என்று யாரிடம் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். அந்த வாயால் என் ஓரகத்தி சிவரஞ்சனியை நான் பேசிய பேச்சு இன்னும் என் காதில் கேட்கிறது.

அவள் என் கொழுந்தன் லோகேஷின் மனைவி. கல்யாணத்துக்கு முன் ஏற்காட்டில் ஓர் ஓட்டலில் வேலை பார்த்தவள். சிரித்தால் பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும். தாய் இல்லாத பெண் என்பதால் தலைப்பிரசவத்துக்குப் போகப் பிறந்த வீடு இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பெண் குழந்தையோடு நேரே எங்களிடம்தான் வந்தாள். நான்தான் பார்த்துக்கொண்டேன். இரண்டு பெற்று, முப்பதாம் நாளே காப்பிப் பழம் பறிக்கப் போனவள் என்கிற திமிர் எனக்கு.

பச்சைக் குழந்தையின் தலைமாட்டில் இரும்பு இருந்தால் காத்து கருப்பு அண்டாது என்பது எங்கள் வழக்கம். காப்பிச் செடியைக் கிளை கழித்துக் கவாத்து செய்கிற வளைந்த கத்தியை எடுத்துக் கட்டிலில் பாய்க்கு அடியில் வைத்தேன். மறுநாள் அதைக் காணோம். தேடினால் விறகுக் கட்டுக்குள் கிடந்தது. திரும்ப வைத்தேன். அடுத்த நாள் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் கிடந்தது. என் பிள்ளைகள் வேலைதான் இது என்று இரண்டையும் பிடித்து நாலு சாத்து சாத்தினேன். சிவரஞ்சனி சுவரோரம் நின்று பார்த்தாள்.

அவள் முன்போல் இல்லை என்பது தெரிந்தது. குழந்தை தூங்கினாலும் அவள் தூங்கமாட்டாள். அதன் மூக்கில் விரலை வைத்து வைத்துப் பார்ப்பாள். குளிப்பாட்டக் கூப்பிட்டால், "நீங்களே ஊத்துங்கக்கா" என்று விலகிவிடுவாள். நான் காய் அரிய உட்கார்ந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். "மகாராணிக்கு ஊட்டு வேலைன்னா கசக்குது" என்று அவள் காதுபடவே சொன்னேன்.

இருபத்திரண்டாம் நாள் காலையில் கத்தியைக் கட்டில் காலோடு சேர்த்துக் கயிற்றால் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினேன். "இனி எந்தக் கள்ளன் எடுக்கறான்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன்.

மத்தியானம் திரும்பி வரும்போது குழந்தையின் அழுகை ரோடு வரைக்கும் கேட்டது. பனிமூட்டத்தில் வாசலே தெரியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் அறைக் கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. காப்பி காயப்போடும் களத்தில் சிவரஞ்சனி உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட் முழுக்கப் பால் நனைந்திருந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கியிருந்தாள்.

"அடிப்பாவி! நீயெல்லாம் பெத்தவளா? புள்ளையப் பூட்டிப் போட்டுட்டு இங்க வந்து குந்தியிருக்கறயே!"

"கத்திய எடுத்துருங்கக்கா" என்றாள். "மொதல்ல ஒளிச்சு வெச்சதும் நான்தானுங்க. அதப் பாத்தா, பாப்பாவ நானே ஏதாச்சும் பண்ணிருவனோன்னு கண்ணு முன்னால வருதுங்க. எனக்கு அப்படி ஆசையே இல்லீங்கக்கா. நொம்பப் பயமா இருக்குது. கயிற அவுக்கலாம்னா அதத் தொடணும். அதான் தாழப் போட்டுட்டு வந்துட்டேன்."

பொய் சொல்லமாட்டேன், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளிடமிருந்து ஓடிவிடத்தான் முதலில் தோன்றியது. உள்ளே போய் முடிச்சை அவிழ்த்தேன். நானே இறுக்கிய முடிச்சு, நகம் பிய்ந்தது. கத்தியையும் அரிவாள்மனையையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு எங்கள் ஊர் நர்ஸ் சாந்தாமேரிக்குப் போன் போட்டேன்.

"பேயும் இல்ல, கிறுக்கும் இல்ல தங்கம்மா. பிரசவத்துக்கப்புறம் சில பேருக்கு வர்ற நோய். மருந்து இருக்கு. அவளத் தனியா விடாத, திட்டாத. இன்னைக்கே சேலத்துல டாக்டர்கிட்டக் காட்டணும், நான் சொல்லி வெக்கறேன்" என்றார்.

லோகேஷ் ஜீப்பைக் கொண்டுவந்தான். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. குழந்தையோடு நானும் சிவரஞ்சனியும் பின்னால் ஏறினோம். மலைப்பாதையில் இறங்கத் தொடங்கியதும் குழந்தை பசியில் வீறிட்டது. சிவரஞ்சனி கையை இடுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"வேண்டாங்கக்கா. என்னைய நம்பாதீங்க."

குழந்தையை அவள் மடியில் வைத்தேன். அவள் கைகள் இரண்டையும் அதன் மேல் வைத்து, அவற்றின் மேல் என் கைகளை வைத்து அழுத்திக்கொண்டேன். குழந்தை பால் குடித்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஜீப் சாயச்சாய என் பிடி இறுகியது. நான் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன், இந்த நீள வாய்க்கு ஒரு வார்த்தை வரவில்லை.

அடிவாரம் வந்தபோது குழந்தை தூங்கியிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கக்கா, உங்க கைய எடுங்க பாக்கலாம்."

இப்போது பயம் எனக்குத்தான். எடுத்தேன். அவள் கைகள் குழந்தையின் மேல் அப்படியே இருந்தன.