வீட்டை நிக்கிறன்

எழுபதுகளின் கடைசியில் மெல்பர்னில், கிளேட்டன் பக்கம், ஒரு தகரக் கொட்டகையில் திரைச்சீலை தைக்கும் பட்டறை வைத்திருந்தேன். ஏழு தையல் மெஷின், ஏழு பெண்கள், நான். தைப்பது அவர்கள் வேலை. சட்டத்தைத் துரத்துவது என் வேலை.

மிகைப்படுத்தவில்லை. அந்தப் பத்து வருஷத்தில் வேலைச் சட்டம் ஓர் இடத்தில் உட்காரவே இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்றார்கள், சரி. வருஷ லீவு மூன்று வாரம் நான்கானது, சரி. லீவில் போகிறவருக்குச் சம்பளத்துக்கு மேலேயும் கொஞ்சம் கொடு என்றார்கள். அதிலுள்ள நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. முதலாளிகள் சங்கத்திலிருந்து மாதம் ஓர் உறை வரும். விதிப் புத்தகத்தில் பழைய பக்கத்தைக் கத்தரித்துவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டும். ஒட்டிய பசை காய்வதற்குள் அடுத்த உறை வந்துவிடும். சிவப்பு விளக்கில் கார் நின்றால்கூட ஒரு பத்தி படிப்பேன், பின்னால் இருப்பவன் ஹார்ன் அடிப்பான். எதையோ தவறவிட்டுவிட்டேன் என்ற அரிப்பு மட்டும் போகவே போகாது.

ஏழு பேரில் ஒருவர் தமிழ்ப் பெண், யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். இரண்டு வருஷமாக என்னிடம் வேலை. நான் மதுரைக்காரன். ஒரே மொழி பேசுகிறோம் என்று இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அவர் பிள்ளை உண்டானார். ஒருநாள் டீ நேரத்தில் வந்து, "அண்ணை, வாற மாதத்தில இருந்து நான் வீட்டை நிக்கிறன்" என்றார்.

எங்கள் ஊரில் ஒருவர் வேலையிலிருந்து 'நின்னுட்டார்' என்றால் விட்டுவிட்டார் என்று பொருள். எனக்கு வருத்தம்தான், நல்ல கை. "சரிம்மா, உடம்பப் பாத்துக்குங்க" என்றேன். கடைசி நாளில் கேக் வாங்கி வெட்டி, எல்லோருமாக ஒரு பூங்கொத்தும் கொடுத்தோம். வழியனுப்பு விழா என்று நான் நினைத்தேன். பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்று அவர் நினைத்திருக்கிறார். போய் வருகிறேன் என்பதை அவர்கள் சொல்கிற மாதிரி, "போட்டு வாறன்" என்று சிரித்துக்கொண்டே போனார். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'விலகினார்' என்று எழுதினேன். மறு வாரம் ஒரு கிரேக்கப் பெண் வந்தார். "நிரந்தர வேலைதானே?" என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் ஆமாம் என்றேன்.

அதற்கு முன்பே பிரசவ லீவு பற்றிய பக்கம் வந்திருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் வேலை செய்த பெண் சம்பளமில்லாமல் லீவில் போகலாம், திரும்பி வந்தால் அதே வேலை. நானேதான் ஒட்டினேன். நின்றுபோனவருக்கு லீவு எதற்கு என்று மூடி வைத்துவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வந்தார். "திங்கட்கிழமை வேலைக்கு வாறன் அண்ணை. பிள்ளையைப் பாக்கப் பக்கத்து வீட்டு அன்ரி இருக்கிறா."

"நீங்கதான் நின்னுட்டீங்களேம்மா."

"ஓம், வீட்டை நிண்டனான். வேலையை எப்ப விட்டனான்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் பேச்சில் நிற்பது என்றால் இருப்பது. வீட்டில் இருக்கப்போகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார். அவரும் என் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன் மெஷினில் வேறொருத்தி தைப்பதைப் பார்த்துவிட்டார். முகம் வாடியது. கணவரின் உதவித்தொகை அடுத்த மாதத்தோடு முடிகிறது, இந்த வேலையை நம்பித்தான் வீட்டு வாடகையே என்றார்.

நல்ல மனிதன் என்ன செய்திருப்பான்? தப்பு என் காதில் என்று சொல்லியிருப்பான். நான் விதிப் புத்தகத்தை எடுத்தேன். லீவு கேட்கும் பெண் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற வரியைத் தேடிப் பிடித்து, நிறுத்தி நிதானமாக வாசித்துத் தமிழிலும் சொன்னேன். "நீங்க எழுதித் தரலையே. சட்டம், நான் என்ன செய்ய?" குரலில் அத்தனை கனிவு. பல வருஷப் பசைக்கும் கத்தரிக்கோலுக்கும் கடைசியில் ஒரு பலன் கிடைத்துவிட்டது என்று ஒரு கணம் திருப்திகூடப் பட்டேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அவர் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு பக்கத்தின் மேல் குனிந்தார்.

"அண்ணை, விரலை எடுங்கோ."

என் கட்டைவிரல் கீழ்ப் பத்தியின் மேல் இருந்தது. தற்செயலாக அல்ல. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன். எடுத்தேன். அவர் மெல்ல வாசித்தார். லீவில் போகும் பெண்ணின் இடத்துக்கு ஆள் எடுத்தால், இது தற்காலிகம் என்று அந்த ஆளிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

"இதை அவவுக்குச் சொன்னனீங்களோ?"

"இல்ல."

"என்ர பிழையை மட்டும் வாசிச்சுக் காட்டினீங்கள்."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. வெளியே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. குழந்தை விழித்து என்னைப் பார்த்தது. எனக்கு அந்த அறையில் இருப்புக் கொள்ளவில்லை, எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன்.

"நான் சொன்னது தப்பு. திங்கட்கிழமை வாங்க" என்றேன்.

"எழுதித் தாங்கோ."

எழுதினேன். இந்தத் தேதியிலிருந்து இதே வேலை, இதே சம்பளம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் ஒரு முறைக்கு இரு முறை வாசித்து, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார். வாசலருகே நின்று, கண்ணாடி வழியாக அந்தக் கிரேக்கப் பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவவுக்கும் ஒண்டு எழுதுங்கோ" என்றார்.

அன்று செவ்வாய்க்கிழமை. கிரேக்கப் பெண்ணிடம் இரண்டு முறை வாயால் சொன்ன 'நிரந்தரம்' என்பதை எழுத்தில் வைக்கும் அந்தக் கடிதத்தை நான் வெள்ளிக்கிழமை மாலைதான் எழுதி முடித்தேன்.